ஏட்டில் இல்லாத சாலம்மாள்

சாலம்மாளுக்குச் சபையில் ஒரு பதவியும் கிடையாது. அவள் மூப்பர் இல்லை, பொருளாளர் இல்லை, பெண்கள் சங்கத்தில்கூட வெறும் உறுப்பினர்தான். ஆனால் கச்சிராயபாளையத்தைத் தாண்டி, மலை ஏறுவதற்கு முன்னால், கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் இருக்கிற அந்தக் காங்கிரிகேஷனல் சபையில் அவள் இருமினால் போதகர் ஜெபத்தைச் சுருக்கிக்கொள்வார்.

அந்தச் சபையைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். அதற்கு பிஷப் கிடையாது, மேலிடம் கிடையாது. எல்லாவற்றையும் சபையார் கூடி, கை தூக்கி, எண்ணித் தீர்மானிப்பார்கள். போதகர் வேண்டுமா வேண்டாமா என்பது ஓட்டு. ஜன்னலுக்குப் பச்சைத் திரையா நீலத் திரையா என்பதும் ஓட்டு. சுற்றுவட்டாரத்துச் சபைகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த காலத்தில், நாமும் சேரலாமா என்று ஓட்டெடுத்து, மூன்று கை வித்தியாசத்தில் வேண்டாம் என்று ஆகி, அன்றிலிருந்து தனியாகவே இருக்கிறார்கள். பிரசங்கம் இருபத்தைந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்றுகூட ஒரு தீர்மானம் உண்டு. அதை நிறைவேற்றிய அன்று எதிர்த்து ஒரு கைகூட எழவில்லை. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் அதை ஓட்டுக் கோயில் என்பார்கள். கூரையில் ஓடு போய்க் கான்கிரீட் வந்த பிறகும் பெயர் மாறவில்லை.

ஓட்டு என்று வந்துவிட்டால் சாலம்மாள்தான் காவல். முதல் பெஞ்சில் உட்கார்ந்து பின்பக்கம் திரும்பிக்கொண்டு கைகளை எண்ணுவாள். பழக்கமில்லாத கை ஏதாவது தெரிந்தால் போதும், "பேரு ஏட்டுல இருக்குதா?" என்று கேள்வி வந்துவிடும். ஏடு என்றால் உறுப்பினர் பதிவேடு. ஒருமுறை, கூடுதலாக நான்கு ஃபேன் வாங்கலாமா என்று ஓட்டு நடந்தபோது, சேலத்திலிருந்து மாமனார் வீட்டுக்கு வந்திருந்த ஒரு மாப்பிள்ளை வியர்வை தாங்காமல் கை தூக்கிவிட்டார்.

"மாப்ள, காத்து வேணும்னா வெளிய வேப்பமரம் இருக்குது. ஏட்டுல பேரு இல்லாதவங்க கைய எறக்குங்க" என்றாள்.

அவர் கையை இறக்கினார். ஃபேன் ஒரு கை குறைந்து தோற்றது. அந்தக் கோடை முழுக்கச் சபையார் பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டார்கள். சாலம்மாளும்தான் விசிறிக்கொண்டாள், ஆனால் நியாயம் ஜெயித்த முகத்தோடு.

ஏட்டில் பெயர் உள்ளவர்களை மட்டும்தான் சபைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்ற தீர்மானமும் அவள் கொண்டுவந்ததுதான். இடம் கம்மி, சொந்தக்காரர்கள் ஜாஸ்தி என்பது அவள் வாதம். அவளுடைய கணவர் ஆசீர்வாதம் வாத்தியார், சபைக்கு முப்பது வருடத்துக்கு மேல் செயலாளராக இருந்தவர், பத்து வருடத்துக்கு முன்னால் தவறிப்போனார். அவருக்குப் பக்கத்திலேயே தனக்கும் இடம் பிடித்துக்கொண்டாள். கல் செதுக்க ஆள் வந்தபோது, வந்த கையோடு தன் கல்லையும் செதுக்கச் சொல்லிவிட்டாள். சாலம்மாள், பிறப்பு 1956, அப்புறம் ஒரு கோடு, கோட்டுக்கு அப்பால் காலி. மாதத்துக்கு ஒருமுறை போய் அவர் கல்லில் பூ வைத்துவிட்டு, தன் கல்லை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வருவாள்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கையில் சபைக்கு நூறு வயதானது. நூற்றாண்டு மலர் போடுவது என்று ஓட்டில் முடிவாயிற்று. மலரில் சபை வரலாறு வேண்டும். அதை எழுதும் வேலை இப்போதைய செயலாளர் அருள்மொழியின் தலையில் விழுந்தது. கச்சிராயபாளையத்தில் இ-சேவை மையம் வைத்திருக்கிறவன். ஒரு நாளைக்கு ஐம்பது பேரிடம் ஆதார் நம்பர் கேட்டுப் பொறுமை பழகிய ஆள். ஆனால் இந்த வேலைக்கு அந்தப் பொறுமை போதவில்லை. காரணம், வரலாற்றைப் பத்தி பத்தியாகச் சபைக்கூட்டத்தில் வாசித்து, பத்தி பத்தியாக ஓட்டெடுக்க வேண்டும் என்று சாலம்மாள் எழுந்து சொல்லிவிட்டாள்.

முதல் பத்தி மூன்று வாரம் ஓடியது. முதல் ஆராதனை எங்கள் தாத்தாவின் புளியமரத்தடியில் நடந்தது என்று ஒரு குடும்பம். இல்லை, எங்கள் மாமரத்தடியில் என்று இன்னொரு குடும்பம். கடைசியில் இருபத்திரண்டுக்குப் பத்தொன்பது ஓட்டில் "ஒரு மரத்தடியில்" என்று முடிவானது. அடுத்தது குதிரை. வெள்ளைக்காரப் போதகர் குதிரையில் கல்வராயன் மலை ஏறினார் என்று அருள்மொழி எழுதியிருந்தான். குதிரை பாதி வழியில் படுத்துக்கொண்டது, மேலே கொண்டுபோனது எங்கள் முப்பாட்டன்தான் என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "போதகரும் குதிரையும் சபையாரும் மலை ஏறினார்கள்" என்று எழுதி அதையும் நிறைவேற்றினார்கள். யார் யாரைச் சுமந்தார்கள் என்பதை வாசகர்கள் யூகத்துக்கு விட்டுவிட்டார்கள்.

ஆறாவது வாரம் வரலாறு 1981-க்கு வந்து சேர்ந்தது. அருள்மொழி வாசித்த பத்தியில் அந்த வருடம் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த செய்தி மட்டும் இருந்தது. சாலம்மாள் எழுந்துவிட்டாள்.

"பலாப்பழம் எங்க?"

பலாப்பழக் கதை சபையில் குழந்தைகளுக்கும் தெரியும். அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் விளைச்சலில் ஒன்றைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். மற்ற சபைகள் தை மாதம் நடத்தினால், இவர்கள் ஓட்டெடுத்துப் பலா பழுக்கிற சித்திரைக்கு மாற்றிக்கொண்டவர்கள். 1981 சித்திரையில் பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள் ஒரு பெரிய பலாப்பழம் கொண்டுவந்து வைத்தாள். அதைப் பார்த்ததும் சாலம்மாள், அது என் மரத்துப் பழம், இவள் திருடி என்று ஏலத்தின் நடுவிலேயே எழுந்து சொன்னாள். இவள் ஒருபக்கம் இழுக்க, அவள் ஒருபக்கம் இழுக்க, பழம் உருண்டு அன்றைய போதகரின் வலது பாதத்தில் விழுந்தது. ஆறு வாரம் அவர் உட்கார்ந்தே பிரசங்கித்தார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஆகாது. முதல் பெஞ்சில் இவள், இரண்டாம் பெஞ்சில் அவள். நாற்பத்து நான்கு வருடமாக இவள் பின்னலையும், அது நரைத்த பிறகு கொண்டையையும் பார்த்தபடிதான் அவள் கர்த்தரைத் தொழுதாள்.

"அதெல்லாம் மலர்ல எதுக்கு பெரிம்மா?" என்றான் அருள்மொழி.

"வரலாறுன்னா நடந்தத எழுதணும். பழம் என்னுது, அவ எடுத்தா. அன்னிக்கு மலை அடிவாரத்துக்கே தெரியும். நான் சொல்றத நம்ப வேணாம், கூட்டக் குறிப்ப எடுத்துப் பாரு. எழுதினது எங்க வூட்டுக்காரரு. அவரு கையால ஒரு பொய் எழுதினது கெடயாது."

எல்லோரும் குஞ்சம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

அருள்மொழி கூட்டக் குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தான். பங்குனிக்குப் பிறகு நேரே ஆவணிதான் இருந்தது. மலருக்குப் பழைய பக்கங்களைப் படம் எடுப்பதற்காகப் புத்தகத்தைக் கள்ளக்குறிச்சியில் ரவூப்பின் அச்சகத்துக்குக் கொண்டுபோனான். ரவூப் பக்கங்களைப் புரட்டி, ஒரு தாளை விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"இது ஒரு தாள் இல்லீங்க. ரெண்டு தாளு ஒட்டிகினு இருக்குது. ஓரம் பூரா பசை. யாரோ பொறுமையா ஒட்டியிருக்காங்க."

டீக்கு வைத்த தண்ணீரின் ஆவியில் ரவூப் அதைக் காட்டிக் காட்டிப் பிரித்துக் கொடுத்தார். அருள்மொழி நின்றபடியே வாசித்தான். வாசித்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து, ரவூப்பின் டீயையும் சேர்த்துக் குடித்தான்.

மறுநாள் போதகர் சுபாஷும் அவனும் சாலம்மாள் வீட்டுக்கு வந்தார்கள். போதகருக்கு இருபத்தொன்பது வயது, சபைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. இருவரில் யார் முதலில் உள்ளே போவது என்று வாசலில் நின்று தயங்குவதை, வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த சாலம்மாள் பார்த்தாள்.

"இன்னா ரெண்டு பேரும்? அங்கயும் ஓட்டெடுக்கிறீங்களா?"

போதகர் உள்ளே வந்து, பொதுவாகத் தேவனுடைய கிருபையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். சாலம்மாள் அருள்மொழியின் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"படிடா."

அவன் படித்தான். 'சகோதரி சாலம்மாள், அறுப்பின் பண்டிகை அன்று தேவாலயத்தில் சகோதரி குஞ்சம்மாளைத் திருடி என்று அழைத்து, ஏலப் பொருளான பலாப்பழத்தைத் தள்ளி, போதகருடைய வலது பாதத்துக்குச் சேதம் விளைவித்தபடியால், மூன்று மாதமும், அதன் பின் மேற்படி குஞ்சம்மாளிடம் மன்னிப்புக் கேட்கும்வரையிலும், சபையிலிருந்து நீக்கப்படுகிறார்.' நீக்க வேண்டும் என்று பதினாறு பேர், வேண்டாம் என்று பதினாறு பேர், பெயர்களோடு. வேண்டாம் என்றவர்கள் பட்டியலில் கடைசிப் பெயர் குஞ்சம்மாள். அதற்குக் கீழே: 'ஓட்டுகள் சமமாக வந்தபடியால், செயலாளர் ஆசீர்வாதம் தம் ஓட்டை நீக்கத்துக்குச் சாதகமாக அளித்தார்.' முத்து முத்தான அவர் கையெழுத்து அந்த வரியில் மட்டும் கோணிக்கொண்டிருந்தது.

சாலம்மாள் கையிலிருந்த கடலையை உரித்து முறத்தில் போட்டாள். அடுத்ததை உரித்து, பருப்பைக் கீழேயும் தோலை முறத்திலும் போட்டாள்.

"மன்னிப்புக் கேட்டேன்னு எங்கயாவது எழுதியிருக்குதா?"

"இல்ல பெரிம்மா."

"எப்படி இருக்கும், நான்தான் கேக்கலியே. ஏட்டுல என் பேரு?"

அருள்மொழி இல்லை என்று தலையாட்டினான். 1990-இல் ஏடு கிழிந்துபோய், ஆசீர்வாதம் வாத்தியார்தான் புதிதாக எழுதிவைத்தவர். அதில் பதின்மூன்றாம் நம்பர் ஆசீர்வாதம், பதினைந்தாம் நம்பர் வேறொருவர், பதினான்குக்கு நேரே காலி. அருள்மொழி அதை எத்தனையோ முறை பார்த்து, விட்டுப்போன நம்பர் என்று நினைத்திருந்தான். ஊரில் உள்ள எல்லோர் பெயரையும் ஏட்டில் தேடச் சொன்ன சாலம்மாள் தன் பெயரை ஒருநாளும் தேடியதில்லை.

"நம்ம மூணு பேருக்குள்ள இருக்கட்டும்மா" என்றார் போதகர். "நானே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுடறேன்."

"ஏட்டுல பொய் எழுதுவீங்களா பாஸ்டரே?" என்று அவள் கேட்ட கேள்வியில் போதகர் எழுந்து நின்றுவிட்டார்.

அவர்கள் போன பிறகு சாலம்மாள் கடலையை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பத்து நான்கு வருடம் இல்லாத அதிகாரத்தை வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறோமே என்ற வெட்கம் ஒருபக்கம். ஆனால் அதைவிடப் பெரிதாக, அந்த வருடம் கணவரோடு போய் இருந்த வெள்ளிமலை நினைவுக்கு வந்தது.

அந்தப் பண்டிகைச் சண்டைக்குப் பிறகு, குஞ்சம்மாள் பழத்தைத் திருப்பித் தரும்வரை கோயில் படி மிதிக்க மாட்டேன் என்று அவள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். அந்த வாரக் கூட்டம் முடிந்த இரண்டு நாளில் கணவர், "சாலா, வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்துக்கு மூணு மாசம் போவச் சொல்லிட்டாங்க. துணிமணி எடுத்து வை" என்றார். மலைக்குப் போக வாத்தியார்கள் அழுத காலம் அது. இவராகவே கேட்டு வாங்கினார் என்று பின்னால் யாரோ சொன்னதை அவள் நம்பவில்லை. ஜீப்பில் ஏறிப் போனார்கள். ஒரே அறை. அவரே தண்ணீர் கொண்டுவந்தார், சாமைச் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டார், மழை வந்தால் இருந்த ஒரே குடையை அவள் பக்கம் சாய்த்துவிட்டுத் தான் நனைந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டே பேர் ஆராதனை. எந்தப் பாட்டைப் பாடுவது என்று அங்கேயும் ஓட்டு. ஒவ்வொரு வாரமும் ஒன்றுக்கு ஒன்று. ஒவ்வொரு வாரமும் அவர் தன் கையை இறக்கிவிட்டு, அவள் பாட்டுக்காக மறுபடி தூக்குவார். கல்யாண வாழ்க்கையிலேயே அந்த மூன்று மாதம்தான் தான் மிகச் சந்தோஷமாக இருந்த காலம் என்று அவள் பலரிடம் சொல்லியிருக்கிறாள். அது தண்டனைக் காலம் என்று இப்போதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பெஞ்சு காலியாக இருந்தது. சாலம்மாள் வாசலுக்குப் பக்கத்தில், வெளியூர்க்காரர்கள் உட்காரும் பெஞ்சில் இருந்தாள். போதகர் எத்தனை ஜாடை காட்டியும் நகரவில்லை. ஆராதனை நடுவில் வழக்கமான அறிவிப்பைச் சொல்ல வேண்டிய இடம் வந்தது. புதிதாக வந்திருப்பவர்கள் எழுந்து தங்களை அறிமுகம் செய்துகொள்ளலாம் என்று அவர் மெல்ல முணுமுணுத்தார். சாலம்மாள் எழுந்தாள்.

"என் பேரு சாலம்மாள். பக்கத்துத் தெருதான். ஒங்க சபை நல்லா இருக்குது. ஃபேன்தான் கம்மி."

புதியவர்களைக் கைதட்டி வரவேற்பது சபையின் வழக்கம். என்ன செய்வதென்று தெரியாமல் சபையார் கைதட்டினார்கள்.

ஆராதனை முடிந்து கூட்டம் ஆரம்பித்தது. அருள்மொழி பழைய பக்கத்தை வாசித்தான். அந்தப் பக்கத்தில் ஓட்டுப் போட்டவர்களாகப் பெயர் இருந்த முப்பத்து மூன்று பேரில் இன்றைக்கும் சபையில் இருப்பது குஞ்சம்மாள் ஒருத்திதான். மற்றவர்கள் கல்லறைத் தோட்டத்தில் இருந்தார்கள், அல்லது பிழைப்பு தேடி வெளியூரில். போதகர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பழைய தீர்மானத்தை ரத்து செய்துவிடலாம், ஆமென் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார்.

"செல்லாது" என்று வாசல் பெஞ்சிலிருந்து குரல் வந்தது. "மன்னிப்புக் கேக்கறவரைக்கும்னு எழுதியிருக்குது. கேக்காம எப்படி சேப்பீங்க? நாளைக்கு இன்னொருத்தன் இதையே காட்டிகினு வருவான்."

"அம்மா, உங்களுக்காகத்தாம்மா" என்றார் போதகர்.

"யாருக்காவ இருந்தாலும் விதி விதிதாங்க. ஆனா எனக்குப் பேச உரிம இல்ல. நான் புதுசா வந்தவ."

"அப்ப மன்னிப்புக் கேட்டுடுங்க பெரிம்மா, ஒரு வார்த்ததான்" என்றான் அருள்மொழி.

"கேக்க மாட்டேன். அவ எடுத்தது நெசம். நெசத்தச் சொன்னதுக்கு மன்னிப்புன்னு கேட்டா அது பொய். அன்னிக்கு இருந்த போதகரு ஐயரு கால்ல பழம் விழுந்ததுக்கு வேணும்னா கேக்கறேன், அவரு செத்து இருவது வருசம் ஆச்சு."

"அப்படின்னா கல்லறை..." என்று அருள்மொழி இழுத்தான். அதைத்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"கல்ல எடுத்துகினு வந்து துணி தொவைக்கப் போட்டுக்கறேன். நல்ல கல்லு."

யாரோ சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். சாலம்மாள் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள், ஆனால் முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். பஞ்சாயத்துச் சுடுகாடு ஆற்றுப் பக்கம் இருந்தது. அங்கே தனியாகக் கிடக்க வேண்டும் என்று நினைத்தாலே அவளுக்குப் பயமாக இருந்தது. தன்னை நீக்கக் கை தூக்கிய அந்த மனிதர் பக்கத்தில் போய்ப் படுக்க வேண்டுமா என்று கோபமாகவும் இருந்தது. கோபத்தைவிடப் பயம்தான் ஜாஸ்தியாக இருந்தது, அதனால் கோபம் இன்னும் ஏறியது.

இரண்டாம் பெஞ்சில் குஞ்சம்மாள் எழுந்து நின்றாள். முட்டிவலிக்காரி, எழுந்திருக்கவே ஒரு நிமிடம் ஆயிற்று.

"பழம் அவ மரத்துதுதான்."

சபை முழுக்க அவள் பக்கம் திரும்பியது.

"அந்த வருசம் எங்க கொல்லையில ஒண்ணியும் வெளையல. பண்டிகைக்கு வெறுங்கைய வீசிகினு எப்படி வர்றது? அவ மரம் வேலிக்கு இந்தாண்ட சாஞ்சிகினு இருந்துச்சு. எடுத்துட்டேன். கர்த்தருக்குத்தான வெக்கறோம்னு மனசுல சொல்லிகினேன். இவ திருடின்னு கத்தினப்போ வாய் வரல. அதான், நீக்க வேணாம்னு கை தூக்கினேன். சமமா வந்துடுச்சு. வாத்தியாரு தன் ஓட்டு வேணாம்னு ஓரமா நின்னுகினு இருந்தாரு. அல்லாரும் அவரு மூஞ்சியப் பாத்தாங்க. பொண்டாட்டிக்காவ போட்டான்னு சொல்லுவாங்கன்னு அவருக்குப் பயம். கை தூக்கறப்போ கண்ணத் தொறக்கல அவரு."

"அப்புறம்?" என்றாள் சாலம்மாள்.

"மறுநாளே போயி நெசத்தச் சொல்லிட்டேன். அவரு தலையில கைய வெச்சிகினு உக்காந்துட்டாரு. 'இப்ப சொன்னா ஒன்ன நீக்க ஒரு ஓட்டெடுப்பாங்க. ஒரு பழத்துக்கு ஒருத்தி போதும்'னாரு. அப்புறந்தான் சாலா, ஒன்ன மலைக்குக் கூட்டிகினு போனாரு. மூணு மாசம் கழிச்சு ஐயருகிட்ட, 'எஞ்சம்சாரம் மன்னிப்புக் கேட்டுட்டா'ன்னு சொன்னாரு. ஐயரு என்னப் பாத்தாரு. நான் தலையாட்டினேன். இனிமே அந்தப் பேச்ச ஒங்கிட்ட யாரும் எடுக்கக் கூடாதுன்னு ஐயரு சபையில சொல்லிட்டாரு. ஆனா வாயால சொன்னத ஏட்டுல எழுத அவருக்குக் கை வரல. அதான் பக்கத்த ஒட்டிட்டாரு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "மன்னிப்பு நான்தான் கேக்கணும். கேக்கறேன், சாலா."

நாற்பத்து நான்கு வருடமாகச் சாலம்மாள் சொன்னது சரி என்று ஊரறிய நிரூபணமாகிவிட்டது. அந்த நாளைப் பற்றி அவள் எத்தனையோ கற்பனை செய்து வைத்திருந்தாள். எதிலும் அழுகை இல்லை. இப்போது அழுகை வந்தது.

"நீ எனக்கா ஓட்டுப் போட்ட?" என்றாள்.

"போட்டேன்."

"இத்தினி வருசம் என் கொண்டையப் பாத்துகினு ஒரு வார்த்த சொல்லலியேடி."

"சொன்னா நீ கோயிலுக்கு வருவியா? அப்புறம் நான் யாரோட சண்ட போடறது?"

போதகர் புத்தியோடு அந்த இடத்தில் ஓட்டுக்கு விட்டார். சொல்லப்பட்ட குற்றம் குற்றமே அல்ல என்பதால் தீர்மானம் ரத்து. கைகள் எழுந்தன, முதல் கை குஞ்சம்மாளுடையது. சாலம்மாள் பழக்கத்தில் வாசல் பெஞ்சிலிருந்தே எண்ணினாள். எண்ணிக்கொண்டு வந்தவள் ஒரு கையில் நின்றுவிட்டாள். சேலத்து மாப்பிள்ளை.

"மாப்ள, பேரு ஏட்டுல இருக்குதா?"

"இல்லீங்க. ஆனா இது ஒங்களுக்காவத்தான..."

"எறக்குங்க."

அவர் இறக்கினார். நாற்பத்திரண்டு கை. எதிர்த்து ஒன்றுமில்லை. அருள்மொழி அங்கேயே ஏட்டை விரித்து, பதினான்குக்கு நேரே பெயரை எழுதினான். சாலம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்து, விட்டுப்போயிருந்த துணைக்காலைப் போடச் சொல்லிவிட்டு, முதல் பெஞ்சுக்குப் போனாள்.

அப்போது ஒரு மூப்பர் எழுந்து, சரி, குஞ்சம்மாளை என்ன செய்வது, அதற்கும் முறைப்படி ஒரு தீர்மானம் வேண்டாமா என்று ஆரம்பித்தார். சாலம்மாள் திரும்பினாள்.

"உக்காருங்க. ஒரு பழத்துக்கு ஒருத்தி போதும்."

அவர் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு 1981-ஆம் வருடத்துப் பத்தி வாசிக்கப்பட்டது: 'அறுப்பின் பண்டிகை சிறப்பாக நடைபெற்றது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது.' அந்த வரலாற்றிலேயே ஒரே நிமிடத்தில், ஏகமனதாக நிறைவேறிய பத்தி அது ஒன்றுதான்.

வெயில் தாழ்ந்ததும் சாலம்மாள் ஈரத்துணியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். பூ எடுத்துப் போகவில்லை. தன் கல்லை முதலில் துடைத்தாள், பெயரை, வருடத்தை, கோட்டை, கோட்டுக்கு அப்பால் இருந்த காலியிடத்தை. அவர் கல் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"ஊருக்குப் பயந்துகினு கைய தூக்கினீங்க. கண்ண மூடிகினு தூக்கினா கை தெரியாதா? பாட்டுக்கு வாரா வாரம் கைய எறக்கி எறக்கித் தூக்கினீங்களே, அதே கைய அன்னிக்கு மாத்தித் தூக்கறதுக்கு இன்னா?"

கேட்டுவிட்டு அவளே நின்றாள். வெள்ளிமலையில் எத்தனை ஞாயிறு இருந்தோம் என்று விரல்விட்டு எண்ணினாள். பன்னிரண்டு. பன்னிரண்டு முறை அந்த மனிதர் தன் ஓட்டை மாற்றி அவளுக்குப் போட்டிருக்கிறார், அவளோ பன்னிரண்டு முறையும் ஜெயித்துவிட்டோம் என்று சிரித்திருக்கிறாள். துணியைத் திருப்பி மடித்துக்கொண்டு அவர் கல்லுக்குப் பக்கத்தில் குந்தினாள். பத்து வருடத்துப் பாசியும் பறவை எச்சமும் படிந்திருந்தது. இதுவரை அதற்குப் பூ வைத்ததோடு சரி, துடைக்க வேண்டும் என்று தோன்றியதில்லை. எழுத்து எழுத்தாகத் தேய்த்துத் துடைத்தாள்.

பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"இத்தோட விட்டுடுவேன்னு நெனைக்காதீங்க" என்றாள். "எனக்கு இங்க எடம் இருக்குது. இருங்க, வந்து பேசிக்கறேன்."